ஜிப்ஸிக்கு பெட்ரோல் ஹோஸ்: ஸ்டீல் பின்னலா, டெஃப்லானா, வெறும் ரப்பரா?

மாருதி ஜிப்ஸி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியோ பெட்ரோல் வாசனையில் வந்து நிற்கும். ராத்திரி ஷெட்டில் விட்ட வண்டி, காலையில் கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கும். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "அந்த ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாட்டினா சரியாகிடுமா?"

என்னுடையது ஜிப்ஸி கிங், எம்பிஎஃப்ஐ மாடல், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாக பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. சமீபத்தில் அதன் பெட்ரோல் ஹோஸ்களை மொத்தமாக மாற்றினேன். சாதா ரப்பர், வைட்டான் என்ற பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பர், ஸ்டீல் பின்னலுக்குள் ரப்பர், பின்னலுக்குள் டெஃப்லான் என்று நான்கு வழிகள் இருந்தன. நான் எடுத்தது கடைசி. அதிலும் ஸ்டீல் வேண்டாம் என்று கறுப்பு நைலான் பின்னல் போட்டதை எடுத்தேன். மற்ற மூன்றையும் ஒதுக்கிய காரணங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. அவற்றில் ஒன்றை இன்றைக்கும் பலருக்கு நானே சிபாரிசு செய்வேன்.

முதலில் சில விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஹோஸ் மாற்றினால் பவர் ஏறாது. கம்பெனிக் கணக்குப்படி 80 குதிரைத்திறன் தரும் இன்ஜினுக்கு ஏஎன்-6 அளவே தாராளம் (ஏஎன் என்பது பின்னல் ஹோஸ்களுக்கான அளவு முறை, எண் ஏறினால் குழாயும் பெரிதாகும்). ஏஎன்-8 போட்டால் பணமும் இடமும்தான் வீண். பிரஷரும் பெரிய பிரச்சினை இல்லை. இன்ஜெக்ஷன் லைனில் இருப்பது சுமார் 3 பார். அதற்கென்று செய்த ரப்பர் ஹோஸே ஏறக்குறைய 7 பார் வரை தாங்கும். பின்னல் போட்டவை அதைவிடப் பல மடங்கு தாங்கும், ஆனால் அந்தப் பலம் நம் வண்டிக்கு வேலைக்கு வராத பலம். பார்க்க அழகு என்பது உண்மை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் ஓட்டுவதில்லை என்பதும் உண்மை.

அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? எத்தனால்தான் காரணம். 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் நாடு முழுவதும் பெட்ரோல் பங்க்குகளில் வழக்கமாகக் கிடைப்பதே 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்றாகிவிட்டது. ஜிப்ஸி வடிவமைக்கப்பட்ட காலத்தில் யாரும் இதைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். பழைய ஹோஸ்களில் இருக்கும் நைட்ரைல் என்ற ரப்பருக்குள் எத்தனால் நுழைந்து அதை உப்ப வைக்கும். ரப்பரை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளையும் கரைத்து வெளியே கொண்டு போய்விடும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் இது உடனே தெரியாது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்து ஹோஸ் உள்ளே காயும்போது உப்பிய ரப்பர் சுருங்கி விறைத்து, கிளிப் கடிக்கும் இடத்தில் கீறல் விடும். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் ஜிப்ஸிகளுக்கு இது அளவெடுத்துத் தைத்த வியாதி.

இனி ஒவ்வொன்றாக. ஸ்பேர் கடையில் "பெட்ரோல் டியூப்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த சாதா ரப்பர் பெரும்பாலும் கார்புரேட்டர் காலத்து ஆர்6, ஆர்7 ரகம் (எஸ்ஏஇ ஜே30 என்ற பெட்ரோல் ஹோஸ் தரத்தில் வரும் ரக எண்கள்). சில நேரம் அந்த முத்திரைகூட இருக்காது. குறைந்த பிரஷருக்கு அது சரி. எம்பிஎஃப்ஐ வண்டியின் பிரஷர் லைனுக்கு அது கூடவே கூடாது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வைட்டான் உள்படலம் கொண்ட ஹோஸ் வேறு ஜாதி. மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். இன்ஜெக்ஷன் பிரஷருக்கென்றே செய்தது, எத்தனாலுக்கும் நைட்ரைல் மாதிரி மசியாது. பழைய குழாய் முனையிலேயே மாட்டிக்கொள்ளலாம், அடாப்டர் எதுவும் வேண்டாம். ஆனால் கிளிப்பில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. பல்சக்கரம் போல வெட்டுப்பள்ளம் உள்ள சாதா கிளிப் ரப்பரை அறுக்கும். ஓரம் மடித்த இன்ஜெக்ஷன் கிளிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். வண்டி தினமும் ஓடுகிறது, ஆஃப்ரோடு பக்கம் போவதில்லை என்றால் இதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நான் சிபாரிசு செய்வேன் என்றது இதைத்தான்.

எனக்கு ஒத்துவராதது ஸ்டீல் பின்னலுக்குள் ரப்பர் இருக்கும் ஹோஸ். ஆன்லைனில் ஃபிட்டிங்கோடு செட்டாக மலிவாக வருபவற்றில் நிறைய இந்த ரகம்தான். பின்னல் என்பது வெளி உறை, பெட்ரோலைத் தொடுவது உள்ளே இருக்கும் ரப்பர். அந்த ரப்பர் என்ன ரகம் என்பதை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை. எத்தனால் ஆவி ரப்பர் சுவர் வழியாக மெல்லக் கசியும், பின்னல் அதைத் தடுக்காது. வாசனை போக வேண்டும் என்று செலவு செய்தவருக்கு கொஞ்ச நாளில் அதே வாசனை திரும்பி வரும்.

அதைவிட என்னை உறுத்தியது பராமரிப்பு. வெறும் ரப்பர் ஹோஸ் கெட்டுப்போவதை நாம் பார்க்க முடியும். விரலால் அழுத்தினால் விறைப்பு தெரியும், வளைத்தால் வெடிப்பு தெரியும், ஈரம் கசிந்தால் அங்கே புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். பின்னலுக்குள் இருக்கும் ரப்பர் அதே வேகத்தில் வயதாகும், ஆனால் வெளியே புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும். அழுத்திப் பார்த்தால் தெரிவது கம்பியின் விறைப்புதான். கசிவு வெளியே தெரியும்போது அது 3 பார் பிரஷரில் பனிமூட்டம் போலப் பீய்ச்சும். பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கும். ரேஸ் டீம்கள் இதையே பயன்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் கணக்கு வைத்து, காலம் முடிந்ததும் கழற்றி எறிகிறார்கள். வீட்டு வண்டியில் ஹோஸ் மாட்டிய தேதியை எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்?

ஸ்டீல் பின்னலுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அது ஒரு அரம். அதிரும் வண்டியில் எதைத் தொட்டாலும் தேய்க்கும்: பெயின்ட், வயரிங், பக்கத்து கூலன்ட் ஹோஸ், எதுவானாலும் சரி. பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ் வயரின் உறையைத் தேய்த்துவிட்டால் ஷார்ட் ஆவது பெட்ரோல் ஹோஸ் மேலேயே.

சரி, டெஃப்லான். இதன் பலம் ஒரே இடத்தில் இருக்கிறது: எத்தனால், பெட்ரோல், அவற்றோடு வரும் தண்ணீர் எதுவும் அதை உப்பவோ காயவோ வைப்பதில்லை. ஆவி கசிவதும் ரப்பரோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. ஆகவே ரப்பர் போல உள்ளுக்குள் வயதாகிறதா என்று பின்னலைப் பார்த்துக் கவலைப்படும் வேலை இல்லை. இதில் பார்க்க வேண்டியவை எல்லாம் வெளியே தெரிகிறவை: மடிந்திருக்கிறதா, எங்காவது உரசுகிறதா, முனை நட்டில் (ஹோஸ் நுனியில் பூட்டும் ஃபிட்டிங்கில்) ஈரம் இருக்கிறதா. சர்வீஸின்போது டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். முனை நட்டும் அடாப்டரும் சேரும் இடத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், நட்டு நகர்ந்திருந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். என் முடிவை இந்தப் பக்கம் சாய்த்தது இந்தப் பராமரிப்புக் கணக்குதான். மற்ற லாபமெல்லாம் உபரி.

வாங்கும்போது ஹோஸை வெட்டிய முனையைப் பாருங்கள். தடித்த, மெத்தென்ற கறுப்புச் சுவர் என்றால் ரப்பர். மெல்லிய, கெட்டியான பால்வெள்ளைக் குழாய் சாதா டெஃப்லான். மெல்லியதாகவும் கெட்டியாகவும் இருந்து கறுப்பாக இருந்தால் கார்பன் கலந்த டெஃப்லான்; நமக்கு வேண்டியது அதுதான். பெட்ரோல் ஓடும்போது குழாய்ச் சுவரில் நிலைமின்னூட்டம் சேரும். வெள்ளை டெஃப்லான் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், சேர்ந்த மின்னூட்டம் சுவரைத் துளைத்துக்கொண்டு ஸ்டீல் பின்னலுக்குத் தாவி ஊசித்துளை போட்டுவிடும். கார்பன் இருந்தால் அந்த மின்னூட்டம் அவ்வப்போது முனை வழியாக பாடிக்கு இறங்கிவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டெஃப்லான் ஹோஸ் விறைப்பானது. ரப்பர் வளையும் வளைவில் இதை வளைத்தால் மடிந்துவிடும். ஒருமுறை மடிந்த இடம் மடிந்ததுதான், நிமிர்த்திப் போடக்கூடாது, வெட்டி எறிய வேண்டும். அதனால் ஜிப்ஸியின் நெருக்கமான மூலைகளில் 45, 90 பாகை வளைந்த முனைகள் தேவைப்படும். அந்த முனைகள்தான் பர்ஸைக் காலி செய்கின்றன. ஒரு வளைந்த முனையின் விலைக்கு சாதா ஹோஸ் சில மீட்டர் வாங்கிவிடலாம். ரப்பர் ஹோஸுக்கான முனை இதற்குச் சேராது. டெஃப்லானுக்கு என்றே பித்தளை வளையம் வைத்த முனை வேண்டும். அந்த வளையம் ஒரு தடவை இறுகினால் முடிந்தது, மறுபடி கழற்றிப் பூட்டினால் புது வளையம் போட வேண்டும்.

முனை மாட்ட இரண்டு வழி உண்டு. நாமே ஸ்பேனரால் இறுக்கும் திருகு முனை ஒன்று. இன்னொன்று, கோவையில் ஜேசிபிக்கும் மில் மெஷின்களுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் போடும் கடைகளில் கிரிம்ப் அடித்து, அதாவது மெஷினால் நசுக்கிப் பூட்டி வாங்குவது. கிரிம்ப் மலிவு, உறுதியும் அதிகம். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹைட்ராலிக் கடையில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது ஆர்1, ஆர்2 ஹோஸ். அதன் உள்குழாய் ஹைட்ராலிக் ஆயிலுக்கான ரப்பர், பெட்ரோலுக்கு அல்ல. கேட்க வேண்டியது 100ஆர்14 என்ற டெஃப்லான் ரகம், அதிலும் மின்சாரம் கடத்தும் பி வகை. இதில் குழப்பம் என்னவென்றால் பெட்ரோல் ரப்பர் ஹோஸ் பட்டியலிலும் ஜே30 ஆர்14 என்று ஒன்று இருக்கிறது. எண் ஒன்றுதான், பொருள் வேறு. வெறுமனே "ஆர்14 கொடுங்க" என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு வேறு கிடைக்கும்.

நான் திருகு முனைதான் எடுத்தேன். காரணம் எளிது: வண்டியில் வைத்துப் பார்த்து நீளம் திருத்தலாம். கிரிம்ப் அடித்த பிறகு ஒரு விரல் நீளம் குறைந்தாலும் ஹோஸ் குப்பைக்குத்தான். வெட்டும்போது பின்னலைச் சுற்றி டேப்பை இறுக ஒட்டி, டேப்பின் நடுவில் வெட்டினால் இழை பிரியாது. வெட்டிய தூளைக் காற்றடித்து முழுசாக வெளியேற்ற வேண்டும். ஒரு பொடி போதும் இன்ஜெக்டரை அடைக்க.

அடுத்தது அடாப்டர். ஜிப்ஸியின் குழாய்கள் மெட்ரிக், ஏஎன் உலகம் அங்குலம். ஏஎன்-6 மரை 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. அதன் கூம்பு 37 பாகை. பிரேக் பைப்புக்கு ஃப்ளேர் அடிக்கும் சாதா டூல் 45 பாகை. இரண்டையும் கலந்தால் கைக்கு இறுகிய மாதிரி இருக்கும், பிரஷரில் வியர்க்கும். நல்ல லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து தருவார்கள். ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கூம்பின் பாகையைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூம்பு மரையில் டெஃப்லான் டேப் சுற்றவும் கூடாது. அடைப்பது கூம்புதான், மரை அல்ல. டேப் துணுக்கு பிய்ந்து லைனுக்குள் போவதுதான் மிச்சம்.

டேங்கிலிருந்து இன்ஜின் வரை முழு நீளத்துக்கும் பின்னல் ஹோஸ் ஓட்டுகிறார்கள் சிலர். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சேஸிஸ் ஓரமாகப் போகும் இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருந்தால் அதை மிஞ்சும் ஹோஸ் கிடையாது. கல் தெறித்தாலும் தாங்கும், ஆவியும் கசியாது. ஹோஸ் தேவைப்படுவது அசையும் இடத்துக்கு மட்டும்: மவுன்ட் மேல் ஆடும் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில், டேங்க் பக்கம், ஃபில்டரின் இருபுறம். நான் மாற்றியதும் அவ்வளவுதான். செலவு பாதிக்குப் பாதி குறைந்தது.

வழியில் கெட்டால் என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. வால்பாறை ஏறும் வழியில் ரப்பர் ஹோஸ் போனால் பொள்ளாச்சியிலோ ஆழியாறிலோ யாராவது ஏதாவது ஒரு ஹோஸைத் தேடித் தருவார்கள். ஏஎன் முனை கிடைக்காது. ஏஎன் மரையிலிருந்து சாதா ஹோஸ் மாட்டும் நிப்பிளுக்கு மாற்றும் அடாப்டர் ஒரு ஜோடி, ஒரு மீட்டர் ஆர்9 ஹோஸ், நான்கு கிளிப், இவை டூல் பையில் இருந்தால் வீடு வந்து சேரலாம். இதைச் சுமக்க மனமில்லாதவர் ரப்பரோடே இருப்பது உத்தமம்.

விற்கும்போது என்ன மதிப்பு? கூடுதலாக ஒரு ரூபாய்கூட எதிர்பார்க்காதீர்கள். ஜிப்ஸி தேடுபவர்களில் அசல் நிலையில் வேண்டும் என்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், பழைய பாகங்களைப் பையில் கட்டி வைத்திருந்தால் அவர்களிடம் பேச்சு சுலபமாகும். டர்போ போட்ட வண்டிகளில் இந்த ஹோஸோடு எனக்கு அனுபவம் இல்லை. அங்கே சூடும் ஓட்டமும் வேறு, என் பேச்சை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம். பத்து வருடம் கழித்து நைலான் உறை எப்படி இருக்கும் என்பதும் என் வண்டியில் இனிமேல் பார்க்க வேண்டிய விஷயம்.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் இடம் டேங்குக்கு உள்ளே. பம்ப்பை மேல் குழாயோடு சேர்க்கும் குட்டி ஹோஸ் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. வெளியே போடும் ஆர்9 ஹோஸை அங்கே போடக்கூடாது. அதன் வெளிச்சுவர் பெட்ரோலில் ஊறக் கூடாத ரப்பர். மூழ்கிக் கிடக்கவென்றே செய்த ஆர்10 ஹோஸ்தான் அங்கே வேண்டும். விலை கொஞ்சம் அதிகம், தேவைப்படுவது கையளவு. டேங்கை எப்படியும் இறக்கத்தான் போகிறீர்கள், அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இறக்குவதற்கு முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு பிரஷரை இறக்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.