வயிற்றுப் புற்றுநோய் மார்க்கர் டெஸ்ட்: ஒன்றரை வருடம் எடுத்த பிறகு

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியானதும், ஆபரேஷனுக்கு முன்னால் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைகளில் மூன்று பெயர்கள் எனக்குப் புதிதாக இருந்தன: சிஇஏ, சிஏ 19-9, சிஏ 72-4. மூன்றும் மார்க்கர்கள், அதாவது புற்றுநோய் இருந்தால் சிலருக்கு ரத்தத்தில் அளவு ஏறக்கூடிய பொருட்கள். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை எடுத்து வருகிறோம். இரண்டு லேப்களில் எடுத்திருக்கிறோம். டெஸ்ட்டைப் பற்றியும் லேப்களைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக இதை எடுக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் புற்றுநோய் உறுதியானவர்களிலேயே இந்த மூன்றில் ஏதாவது ஒரு மார்க்கரைத் தனியாக எடுத்துப் பார்த்தால், அது ஏறியிருப்பது சுமார் நான்கு பேரில் ஒருவருக்குத்தான், ஆரம்பக் கட்டத்தில் இன்னும் குறைவு. ஆனாலும் முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் இதையும் சேர்த்து விற்கிறார்கள், நார்மல் என்று வந்ததும் பல நாள் வயிற்று வலியோடு இருப்பவர்கூட எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போட்டுவிடுவார், எனக்குப் பயம் அதுதான். அம்மாவுக்கே சிஇஏ 2.8, அதாவது 5க்குள், சுத்தமாக நார்மல். சிஏ 72-4ம் ஏறவில்லை. 37க்குள் இருக்க வேண்டிய சிஏ 19-9 மட்டும் 118.

அந்த 118ஐப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே மார்க்கர் ஏறியிருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல், ஆயுளும் சராசரியாகக் குறைவு என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன, அது உண்மைதான். ஆனால் அது நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் போட்ட கணக்கு. எங்கள் டாக்டர் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கட்டி வயிற்றுச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறது, இதுதான் முதலில், மார்க்கர் அதற்குத் துணையாக வரும் எண், அவ்வளவுதான் என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த பயாப்சி ரிப்போர்ட்டை மட்டும் அவர் வரிவரியாகப் படித்தார்.

இந்த டெஸ்ட்டின் அருமை அதன் பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் எடுத்ததில் 118 இருந்த இடத்தில் 24. முன்னால் ஏறியிருந்து இப்போது இறங்கியது நல்ல அறிகுறி, இனிமேல் இது மறுபடி ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். நோய் திரும்பும்போது சிலருக்கு ஸ்கேனில் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே மார்க்கர் ஏறத் தொடங்கிவிடும். ஆரம்பத்திலிருந்தே நார்மலாக இருந்தவர்களுக்கு இந்தப் பயன் ரொம்பக் குறைவு. சிலருடைய உடம்பில் சிஏ 19-9 உருவாகவே உருவாகாது, அது ரத்த வகை சம்பந்தப்பட்ட ஒரு பரம்பரைத் தன்மை. அவர்களுக்கு நோய் முற்றினாலும் அந்த எண் ஏறாது. எங்களுக்கு வந்த எந்த ரிப்போர்ட்டிலும் இதைப் போடவில்லை.

சரி, லேப் விஷயத்துக்கு வருகிறேன். முதல் லேப்பில் எனக்குப் பிடித்தது, பழைய எண்களை இப்போதைய எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு, எந்த மெஷினில் எந்த முறையில் பார்த்தது என்பதையும் கீழே போட்டுவிடுகிறார்கள். ரத்தம் எடுக்கும் பெண் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: முடி கொட்டுவதற்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கீமோவுக்கு அப்புறம் அம்மா பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார், அதிக அளவு பயோட்டின் சில மெஷின்களில் மார்க்கரை உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடுமாம். டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அன்று ரத்தமே எடுக்காமல் திருப்பி அனுப்பினார். அலைச்சல்தான், ஆனாலும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது லேப், வீட்டுக்கே வந்து எடுப்பார்கள் என்பதற்காக மாறியது. வந்த பையன் பெயரையும் வயதையும் தவிர எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ராத்திரி போனில் ரிப்போர்ட்: சிஏ 19-9 43, சிவப்பு எழுத்து, மேல்நோக்கி அம்பு. முறை போடவில்லை, பழைய எண்ணும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டால் டாக்டரைப் பாருங்கள் என்ற ஒரே பதில். அம்மா எதுவும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "லேப்பை மாத்தினீங்களா?" ஒரு முறையில் பார்த்த எண்ணை இன்னொரு முறையில் பார்த்ததோடு ஒப்பிடக் கூடாதாம். பித்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் இது ஏறும் என்று அதையும் பார்க்கச் சொன்னார். பழைய லேப்பில் திரும்ப எடுத்தோம், 25. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

டாக்டர் சொல்லி, ஒரே லேப்பில், ஆபரேஷனுக்கு முந்தைய எண்ணிலிருந்து தொடர்ந்து எடுப்பதென்றால் தாராளமாக எடுங்கள். எங்கள் கோப்பில் இப்போது ஏழு தாள்கள் வரிசையாக இருக்கின்றன, அந்த 43ஐ மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். போன வாரம் வந்தது 22. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்துப் பார்த்தார்.