மிளகாய்க் களிம்பா, மாத்திரையா? அம்மாவின் கால் எரிச்சலுக்கு நாங்கள் கடைசியில் எடுத்த முடிவு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை வாரம் ஒன்றாக 12 தடவை ஏற்றினார்கள். ஏழாவதோ எட்டாவதோ முடிந்து ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாப்பா, கால்ல யாரோ சம்பலைத் தடவிவிட்ட மாதிரி இருக்கு" என்றார். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே அட்டைக்கும் முள்ளுக்கும் பழகின கால், எதற்கும் லேசில் புகார் சொல்லாத கால் அது.

கீமோ முடிந்த பிறகும் எரிச்சல் போகவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்: மிளகாய்ச் சத்தில் செய்த கேப்சைசின் களிம்பு, அல்லது டுலோக்சடின் மாத்திரை. முதலில் களிம்பை ஆறு வாரம் தடவினோம், அப்புறம் மாத்திரைக்கு மாறினோம், இப்போது ஐந்து மாதம் ஆகிறது. நான் மாத்திரை பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலை மாதிரி நடிக்க வேண்டாம்.

இந்த எரிச்சல் ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செல் இரண்டாகப் பிரிவதற்கு உள்ளே நுண்குழாய்கள் தேவை. பேக்லிடாக்சல் அந்தக் குழாய்களை அசையவிடாமல் இறுக்கிவிடும், புற்றுநோய் செல் பிரிய முடியாமல் சாகும். நரம்புச் செல் பிரிவதில்லைதான், ஆனால் முதுகுத்தண்டின் பக்கத்திலிருந்து கால் விரல்வரை சரக்கு அனுப்ப அதற்கும் அதே குழாய்கள்தான் பாதை. தோட்டத்து லோரிப் பாதை கெட்டுப்போனால் கடைசி லயத்துக்குத்தானே முதலில் அரிசி வராது, அப்படி. ஆக நீளமான நரம்பு முதலில் அடிபடும். அதனால்தான் கால் விரலில் தொடங்கி, பிறகு கைவிரல் நுனிக்கு வருகிறது.

சரி, களிம்பு. எரிகிற காலில் மிளகாயைத் தடவச் சொல்கிறார்களே என்று அம்மா சிரித்தார். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி அருமையானது. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜூலியஸ், மிளகாயின் கேப்சைசினையே தூண்டிலாக வைத்து, அதை உணரும் ஏற்பி, அதாவது நரம்பு நுனியில் கதவு மாதிரி திறக்கும் புரதம், எது என்று தேடினார். 1997இல் அவருடைய குழு கண்டுபிடித்ததுதான் டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் அதே கதவுதான் மிளகாய் பட்டாலும் திறக்கிறது. சிலி பாடியைக் கடித்தால் நாக்கு "சுடுது" என்று சொல்வது பேச்சு வழக்கு மட்டுமில்லை, நரம்புக்கு இரண்டும் ஒரே செய்திதான். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடுதலை உணரும் ஏற்பிகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார்.

பேக்லிடாக்சல் கொடுத்த எலிகளில் இந்த ஏற்பியின் வேலை கூடிப்போவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கதவை அடைத்துவிடலாமே என்று மருந்து நிறுவனங்களும் முயன்றன. அடைத்ததும் சிலருக்கு உடம்புச் சூடு காய்ச்சல் அளவுக்கு ஏறிவிட்டது, கொதிக்கும் சூட்டையே சரியாக உணராமல் போகும் ஆபத்தும் வந்தது, அதனால் அந்த வழி தடைப்பட்டது. களிம்பு செய்வது வேறு வேலை. கதவைத் திரும்பத் திரும்பத் தட்டித் தட்டி, கடைசியில் நரம்பு நுனியே அலுத்துப்போய்ப் பேசாமல் இருக்கும்படி செய்கிறது. காகிதத்தில் பார்த்தால் களிம்புதான் ஜெயிக்க வேண்டும்: வலிக்கிற இடத்திலேயே வேலை செய்கிறது, வயிற்றுக்குள் எதுவும் போவதில்லை, மற்ற மருந்துகளோடு மோதுவதும் இல்லை.

ஆனால் அந்தத் தட்டலை யார் செய்வது? இங்கேதான் எங்களுக்கு எல்லாம் முடிவானது.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, தினமும், வாரக்கணக்கில் தடவ வேண்டும். அப்போதுதான் நரம்பு அலுக்கும். முதல் இரண்டு வாரம் எரிச்சல் குறையாது, கூடும். அம்மாவால் குனிந்து விரல் இடுக்கில் தடவ முடியாது, கைவிரல் நுனியும் மரத்திருந்ததால் எவ்வளவு தடவினோம் என்பதும் தெரியாது. ஆகவே நான் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், மதியம் தங்கை, சாயங்காலம் மறுபடி நான், படுக்கும்போது ஒரு தடவை. கையுறை போட்டுத்தான் தடவுவோம். ஒருநாள் அவசரத்தில் தங்கை வெறுங்கையால் தடவி, சோப்புப் போட்டுக் கழுவியும்விட்டு, அரைமணி நேரம் கழித்துப் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா அடுப்பை அணைக்காமலே ஓடி வந்தார்.

அப்புறம் நம் ஊர் வெயில். களிம்பு தடவின தோலில் அந்தக் கதவு 43 டிகிரிவரை காத்திருப்பதில்லை, சாதாரணச் சூட்டுக்கே திறந்துகொள்கிறது. குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. இங்கே மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே, வீட்டு முன் அஞ்சடியின் சிமெண்டுத் தரையில் காலை வைத்தால் என்ன ஆகும்? அம்மா வாளியில் தண்ணீர் வைத்துக் காலை அதிலேயே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தடவின களிம்பு தண்ணீரோடு போகும். வெந்நீர்க் குளியலும் நின்றது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் வீட்டில் யாருமில்லாமல் விட்டுப்போனது, அந்த வாரமே எரிச்சல் பழைய நிலைக்கு வந்துவிட்டது போல இருந்தது. களிம்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். அதைச் சரியாகப் பயன்படுத்த வீட்டில் ஓர் ஆள் முழுநேரமாக வேண்டும், எங்களிடம் இல்லை.

மாத்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. உண்மையில் கேப்சூல், உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். முதல் வாரம் 30 மி.கி., பிறகு 60 மி.கி., நாளுக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு. மைலோ டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம், அம்மாவே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். வேடிக்கை என்னவென்றால் இது ஜூலியஸ் கண்டுபிடித்த கதவைத் தொடுவதே இல்லை. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வலிச் செய்தியை அடக்கும் பாதைக்குத் தெம்பு கொடுக்கிறது. மனச்சோர்வுக்கும் இதே மருந்துதான், அதனால் அம்மா முதலில் "எனக்கென்ன பைத்தியமா?" என்று முறைத்தார்.

2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், கீமோவால் நரம்பு வலி வந்த 231 பேரை எடுத்துப் பார்த்தார்கள். டுலோக்சடின் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேர் வலி குறைந்தது என்றார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதம். பெரிய அதிசயம் இல்லை, வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் இந்த வலிக்குப் பரிந்துரைக்கும் ஒரே மருந்தும் இதுதான். அம்மாவுக்கு முதல் நான்கு நாள் குமட்டல், வாய் வறட்சி. மூன்றாவது வாரத்தில் இரவில் தூங்க ஆரம்பித்தார்.

மாத்திரையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு: மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க டாமோக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் அந்த மருந்தை உடம்பு செயல்படும் வடிவத்துக்கு மாற்ற உதவும் நொதியை டுலோக்சடின் ஓரளவு தடுக்கிறது. அம்மா அதற்கு எடுப்பது லெட்ரோசோல் என்ற வேறு மருந்து, அதனால் எங்களுக்குத் தொல்லை இல்லை. கல்லீரல் கோளாறு இருந்தாலும் இது வேண்டாம். பிடிக்கவில்லை என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இந்த மாதிரி ஆட்களுக்கு, வீட்டில் தடவிவிட ஆள் இருந்தால், களிம்பே மேல்.

8 சதவீத கேப்சைசின் ஒட்டுப்பட்டையும் இருக்கிறது. மருத்துவமனையில் வைத்துக் காலில் அரைமணி நேரம் ஒட்டி எடுத்தால் மூன்று மாதம்வரை தாங்கும் என்கிறார்கள். நான் புலம்பிய தினசரி வேலையெல்லாம் அதில் இல்லை. நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை, அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன். அதே மாதிரி ஆக்சாலிபிளாட்டின் என்ற வேறொரு கீமோ மருந்து ஏற்றியவர்களின் கதை வேறு, அவர்களுக்கு ஐஸ் தண்ணீரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். நான் பார்த்தது ஒரே ஒரு ஜோடி கால்தான்.

ஒன்றை மட்டும் மாத்திரையும் மாற்றவில்லை. எரிச்சல் குறைந்தது, மரத்துப்போனது அப்படியே இருக்கிறது. போன வாரம் அம்மா கடைக்குப் போய் வந்தார், ஒரு காலில்தான் ஜப்பான் சிலிப்பர் இருந்தது. மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லையாம். பின்பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மிச்சமிருந்த களிம்பைப் பக்கத்து வீட்டு அக்கா தன் முட்டி வலிக்கென்று எடுத்துப்போனார், கையுறைப் பெட்டியையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.