தொட்டியிலா, டிரெய்லரிலா? முகாம் சாமான்களை எங்கே ஏற்றுவது

பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். கூடாரம், மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், விறகுக் கட்டு, தண்ணீர் கேன், சைக்கிள்கள், யாரோ கடைசி நிமிடத்தில் கொண்டுவந்து வைத்த இரும்புத் தோசைக்கல். எதிரே பிக்கப் வண்டி, அதன் திறந்த பின்தொட்டி காலியாக. அதற்குப் பின்னால் மாட்டத் தயாராக நிற்கும், உள்ளே கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள டிரெய்லர்.

எதை எதில் ஏற்றுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. "டிரெய்லர் வாங்கினதே சாமான் ஏத்தத்தானே, எல்லாத்தையும் அதுல போடு" என்பது முதல் கட்சி. "வண்டிதான் பலசாலி, கனமானதைத் தொட்டியில் போட்டு டிரெய்லரை இலேசாக விடு" என்பது இரண்டாவது. நான் பல வருடம் முதல் கட்சியில் இருந்தேன். இப்போது இரண்டாவதுக்குப் பாதி தாவியிருக்கிறேன். முழுதாகத் தாவ முடியாததற்கு ஒரு கணக்கு காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு அடிப்படை விஷயம் புதிதல்ல. மூட்டை முன்னால் கூடினால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகும். டிரெய்லரும் அதே கதைதான், மாடு இருந்த இடத்தில் பிக்கப் நிற்கிறது. டிரெய்லரை மாட்டும் கொக்கியின் உருண்டை மேல் டிரெய்லர் கீழ்நோக்கி அழுத்தும் எடையைக் கொக்கி எடை என்று வைத்துக்கொள்வோம். பிக்கப் இழுக்கும் சாதாரண டிரெய்லர்களில் இது, சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐரோப்பியக் கேரவன்காரர்கள் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். அந்த டிரெய்லர்களின் அமைப்பு வேறு, அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது.

கொக்கி எடை குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் குந்திவிடும். முன் சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடி இழக்கும். இரவில் உங்கள் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும்.

ஒரே 100 கிலோவை ஐந்து இடத்தில் வைத்துப் பார்ப்போம்

வாதம் எதற்கு, ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3.5 மீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கி உருண்டை 1.2 மீட்டர் பின்னால். டிரெய்லரில் உருண்டையிலிருந்து அச்சு வரை 4 மீட்டர். உங்கள் வண்டியில் அளவுகள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

தொட்டியில் கேபின் சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் 100 கிலோவை வைக்கிறோம். பின் அச்சில் 80, முன் அச்சில் 20 இறங்குகிறது. வண்டிக்கு வலிக்காத இடம் இதுதான். அதே சாமானைப் பின்கதவு ஓரம், அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் பின் அச்சில் சுமார் 126 கிலோ ஏறி, முன் அச்சிலிருந்து 26 கிலோ கழிகிறது. ஒரே தொட்டி, ஒரே சாமான், 1.6 மீட்டர் வித்தியாசம்.

இப்போது டிரெய்லர். அச்சுக்கு நேர் மேலே வைத்தால் கொக்கி எடை மாறவே மாறாது, 100 கிலோவையும் டிரெய்லர் டயர்களே சுமக்கும். அடுத்தது மூக்குப் பெட்டி, அதாவது டிரெய்லரின் முன் முனையில் வெளிப்பக்கக் கதவோடு இருக்கும் அறை. எடுக்க வைக்க வசதி என்று எல்லாரும் ஜெனரேட்டரையும் பேட்டரியையும் ஸ்பானர் பெட்டியையும் அங்கேதான் திணிப்போம். அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் வைத்த 100 கிலோவில் 75 கிலோ கொக்கிக்குப் போகிறது. கொக்கியோ பின் அச்சுக்கு வெளியே தொங்குகிறது. அதனால் அந்த 75, பிக்கப்பின் பின் அச்சில் கிட்டத்தட்ட 101 கிலோவாக இறங்குகிறது, முன் அச்சில் 26 கிலோ குறைகிறது.

முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். டிரெய்லரில் ஏற்றியாயிற்று, வண்டிக்குப் பாரம் குறைந்தது என்று நிம்மதியாக இருந்த சாமான், தொட்டியில் கேபினை ஒட்டி வைத்திருந்தால் கொடுத்திருக்கும் பாரத்தைவிட அதிகமாகப் பின் அச்சை அழுத்துகிறது.

ஐந்தாவது இடம் டிரெய்லரின் பின்முனை. சைக்கிள் மாட்டும் சட்டமும் சைக்கிள்களுமாக 60 கிலோ, அச்சுக்கு 2.5 மீட்டர் பின்னால் என்றால் கொக்கியிலிருந்து 37 கிலோவுக்கு மேல் தூக்கிவிடும். நியாயமாக அதே 100 கிலோவை வைத்தால் 62 கிலோவுக்கு மேல். பார்வைக்கு வண்டி நிமிர்ந்து அழகாக நிற்கும். அதுதான் ஏமாற்று.

வாலாட்டம்

ஒருமுறை மூக்குப் பெட்டி நிறைந்துவிட்டதால் விறகையும் ஐஸ் பெட்டியையும் டிரெய்லரின் பின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினோம். ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீளமான இறக்கத்தில் ஒரு பெரிய லாரி எங்களை முந்தியது. அது விலக்கிய காற்று டிரெய்லரை முதலில் வெளிப்பக்கம் தள்ளி, அப்புறம் உள்ளே இழுத்தது. பின்கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் ஒரு தடவை இடது பக்கம் தெரிந்தது, அடுத்து வலது பக்கம், மறுபடி இடது பக்கம் இன்னும் அகலமாக. ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யக் கை துடித்தது. திருப்பியிருந்தால் ஆட்டம் கூடியிருக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கியதும் அடங்கியது. வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி இழுத்துவிடலாம் என்று நினைப்பதும் இரண்டுமே ஆபத்து.

ஓரமாக நிறுத்தி விறகை மட்டும் தொட்டிக்கு மாற்றினோம். மிச்சத் தூரம் டிரெய்லர் பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதியாக வந்தது.

டிரெய்லரில் 60 சதவீதச் சாமான் அச்சுக்கு முன்னால், 40 பின்னால் என்று ஒரு விதி சொல்வார்கள். தப்பில்லை, அரைகுறை. 60ஐ மூக்கிலும் 40ஐ வாலிலும் வைத்தாலும் கணக்கு சரியாக வரும், ஓட்டம் மட்டும் மோசமாக இருக்கும். ஒரு கம்பின் இரண்டு நுனியிலும் கல்லைக் கட்டி, நடுவில் பிடித்து மணிக்கட்டால் திருப்பிப் பாருங்கள். திரும்பவும் நேரமாகும், திரும்பியதை நிறுத்தவும் நேரமாகும். அதே கற்களை நடுவில் கட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கும். கனமானது அச்சை ஒட்டி, அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு தாழ்வாக. இலேசானது மட்டும் முனைகளுக்கு.

அப்படியானால் எல்லாக் கனத்தையும் தொட்டிக்கே கொண்டுபோகலாமே?

இங்கேதான் நான் பாதியில் நின்றது. வண்டியின் இழுதிறனை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அதற்கு வெகு முன்பே தீர்ந்துபோவது வண்டி தன் முதுகில் தாங்கும் எடை. பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில். ஆட்கள், தொட்டிச் சாமான், கொக்கி எடை மூன்றும் அந்த ஒரே கணக்கில் சேரும்.

நம் உதாரண வண்டி 650 கிலோ தாங்கும் என்று வைப்போம். டிரெய்லர் 2200 கிலோ, கொக்கி எடை 12 சதவீதம், அதாவது 264. நான்கு பேர் 260. எடை பகிரும் கொக்கி அமைப்பே 35. கூட்டினால் 559. தொட்டிக்கு மிச்சம் 91 கிலோ. அவ்வளவுதான்! ஜெனரேட்டர், நிறைந்த ஐஸ் பெட்டி, ஒரு கட்டு விறகு என்றாலே முடிந்தது. தொட்டி கண்ணுக்கு முக்கால்வாசி காலியாகக் கிடக்கும், வண்டியோ நிறைந்துவிட்டிருக்கும்.

எடை பகிரும் கொக்கியின் வில்கம்பிகள் பின் அச்சில் விழுந்ததில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் அனுப்பும், நல்ல பொருள்தான். ஆனால் அட்டையில் இருக்கும் எண்ணை அது கூட்டாது. பின் சஸ்பென்ஷனில் வைக்கும் காற்றுப் பைகளும் கூட்டாது. அவை குந்திய வண்டியைத் தூக்கி நிறுத்தும், முன் அச்சு இழந்த எடையைத் திருப்பிக் கொடுக்காது.

ஆகவே என் முடிவு இப்படி: அட்டை இடம் கொடுக்கும்வரை கனமான சாமான் தொட்டியில், கேபின் சுவரை ஒட்டி. அட்டை தீர்ந்ததும் டிரெய்லரின் அச்சு மேல், தரையில். டிரெய்லருக்கும் தாங்கும் அளவும் டயர் அளவும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்குப் பெட்டியில் வயர், மழைச் சட்டை, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக் கட்டை மாதிரி சில்லறை. இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் தொட்டிக்கு நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது கட்சியே ஜெயிக்கும். வீடே திரண்டு கிளம்பினால் முதல் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது, சாமானை அச்சு மேல் வைக்கச் சம்மதித்தால்.

வசதி என்று பார்த்தால்

டிரெய்லருக்குள் மழை, தூசி, திருட்டு பயம் குறைவு. தொட்டியில் தார்பாய் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஒரு மூலையில் தண்ணீர் இறங்கும். தலையணை, துணி, படுக்கைக்கு டிரெய்லர்தான், பேச்சே இல்லை. மாறாக, போய்ச் சேர்ந்ததும் முதலில் தேவைப்படும் சாமான் தொட்டியில் பின்கதவு ஓரம் இருப்பது நிம்மதி. சக்கரத் தடைக் கட்டையை வீட்டில் ஒருமுறை உள்ளே பூட்டி வைத்துவிட்டு, சரிவில் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

இன்னொன்று, டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றப் போகும்போது தொட்டியில் இருப்பதெல்லாம் கூடவே வரும். மதியச் சாப்பாட்டுப் பெட்டி வந்தால் சந்தோஷம், விறகு வந்தால் எரிச்சல்.

பெட்ரோல் கேனுக்கு மட்டும் விவாதம் கிடையாது. மூடிய டிரெய்லருக்குள் அது போகவே கூடாது, பெட்ரோல் வாசனை அடிக்கும் ஜெனரேட்டரும் அப்படியே. திறந்த தொட்டியில் நிமிர்த்தி நிறுத்தி இறுக்கிக் கட்ட வேண்டும். கேனைத் தொட்டியில் வைத்தபடியே நிரப்பவும் கூடாது. பிளாஸ்டிக் விரிப்பு மேல் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்கலாம். தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். கேஸ் சிலிண்டர் டிரெய்லரின் முன்சட்டத்தில் அதற்கென்று உள்ள தாங்கியில், நிமிர்ந்தபடி.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை எல்லாரும் அறிவோம், ஏற்றும்போது மறப்போம். 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி டிரெய்லர் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் இருந்தால், நிரப்பியதும் கொக்கியில் 45 கிலோ குறையும். அச்சுக்கு முன்னால் இருந்தால் அதே அளவு கூடும். அரைகுறையாக நிரப்பினால் உள்ளே அலைமோதும். உங்கள் டிரெய்லரில் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். போகும் இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்றால் காலியாக ஓட்டுவது உத்தமம்.

கண்ணளவு போதாது

பின்பக்கம் குந்துகிறதா என்று எட்டி நின்று பார்த்துச் சொல்வது ஜோசியம். டேப் எடுத்து முன் சக்கரத்துக்கு மேலே வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டிரெய்லர் மாட்டும் முன்பும் பின்பும் அளந்தால், முன்பக்கம் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரியும். முழுக் கணக்குக்கு எடைமேடைதான். டிரெய்லரை மாட்டி, வில்கம்பிகளைக் கழற்றிவிட்டு, பிக்கப்பின் நான்கு சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் நிறுத்தி இன்னொரு எடை. இரண்டுக்கும் வித்தியாசம்தான் கொக்கி எடை. இரண்டு தடவையும் உள்ளே அதே ஆட்கள் இருக்க வேண்டும். மாட்டியபடியே மொத்தத்தையும் ஒருமுறை ஏற்றினால் டிரெய்லர் எடையும் கிடைத்துவிடும், சதவீதம் போட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் முதன்முறை நிறுத்தியபோது கொக்கி எடை 16 சதவீதம் வந்தது. மூக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால், முந்தின பயணத்தில் வைத்து மறந்த இரண்டு பழைய பேட்டரிகள்.

திரும்பி வரும்போது இதெல்லாம் மாறியிருக்கும். விறகு எரிந்து, ஐஸ் உருகி, தொட்டியில் கேபினை ஒட்டிய இடம் காலி. நல்ல தண்ணீர் தீர்ந்து, கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருக்கும். பல டிரெய்லர்களில் அது அச்சுக்குப் பின்னால். கிளம்பும் முன் அதைக் காலி செய்யும் இடத்தில் காலி செய்துவிட்டு, நனைந்து இரண்டு மடங்கு கனத்திருக்கும் கூடாரத்தை விறகு இருந்த இடத்தில் போட்டுக் கட்டுவோம். வந்து சேர்ந்தபோது டிரெய்லரிலிருந்து இறக்கிய கூடாரம் தொட்டியில் ஏறுவதைப் பார்த்து யாராவது ஒருவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "வரும்போது இது உள்ளேதானே இருந்தது?"