டெர்பிஷயரில் அம்மாவோடு ஏறி இறங்கிய வீடுகள்

இங்கிலாந்தில் டெர்பிஷயருக்குப் போகிறோம் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வாயில் வருகிற பெயர் சாட்ஸ்வர்த் மாளிகை. போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு நாள், கூடவே ஊரிலிருந்து வந்த அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள் என்றால் நான் ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகையைத்தான் சொல்வேன். போன கோடையில் அம்மா எங்களோடு மூன்று மாதம் இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான் என்பதால் ஐந்து வார இறுதிகளில் நம் ஊர் மாவட்டம் மாதிரியான இந்த ஒரு கவுண்டியையே சுற்றினோம், நான், அம்மா, எட்டு வயது மகள். அம்மா நாற்பது வருடம் வீட்டில் தையல் மிஷின் ஓட்டியவள். அவள் கண் போகிற இடத்துக்கெல்லாம் நானும் போனதில், இந்த ஊர் அரண்மனைகளை இப்படியும் பார்க்கலாமா என்று எனக்கே ஆச்சரியம்.

முதலில் டிக்கெட் விஷயம், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பழைய வீடுகளைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை இருந்தால் ஹார்ட்விக், கெடில்ஸ்டன், கால்க் ஆபி மூன்று வீடுகளுக்கும் அதிலேயே போய்விடலாம். சாட்ஸ்வர்த்தும் ஹேடன் ஹாலும் அதில் சேராது, தனி டிக்கெட். ஹார்ட்விக்குப் பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், கூரையில்லாமல் நிற்கும் பழைய ஹாலைப் பார்த்துக்கொள்வது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ், அது வேறு அமைப்பு. ஒரே வளாகம்தானே என்று நேராக நடந்து போய்விடாமல் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஹார்ட்விக். எம்1 நெடுஞ்சாலையில் போகும்போதே மேட்டின் மேல் தெரியும், கல்லைவிடக் கண்ணாடி அதிகமாக இருக்கிற ஒரு வீடு. 1590இல் ஆரம்பித்து 1597இல் முடித்திருக்கிறார்கள். கட்டியது பெஸ் என்று எல்லோரும் கூப்பிடும் எலிசபெத், ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி. நான்கு கல்யாணம், ஒவ்வொன்றிலும் சொத்து ஏறிக்கொண்டே போனது, கடைசிக் கணவரும் போன பிறகு தன் காசில் தனக்கென்று கட்டிய வீடு இது. அதை யாரும் மறந்துவிடக் கூடாதென்று கோபுர உச்சிகளில் இஎஸ் என்று தன் முதலெழுத்துகளையே கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறாள். கண்ணாடி கொள்ளை விலை விற்ற காலம் அது. மாடி ஏற ஏற ஜன்னல் பெரிதாகிக்கொண்டே போகும், ஏனென்றால் முக்கியமான அறைகள் எல்லாம் உச்சி மாடியில். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே எந்த மாடியில் யாருக்கு மரியாதை என்று தெரிந்துவிடும்.

கல் படி அகலமாக, நீளமாக, சுற்றிச் சுற்றி மேலே போகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் ஏறுங்கள். மேலே நீளக் கூடத்துக்குள் நுழைந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "இங்கேயும் கோரைப்பாயா!" உண்மைதான், தரை முழுக்கப் பாய். அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கோரையில் பின்னி விரித்து வைத்திருக்கிறார்கள். சுவரில் பைபிளில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் 13 திரைச்சீலைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். வேறொரு பிரபுவுக்காக நெய்தவை, அவர் கடனோடு செத்துப்போக, 1592இல் பெஸ் வாங்கியிருக்கிறாள். துணியில் அவருடைய குடும்பச் சின்னம் இருந்ததல்லவா, அதை மாற்ற எனக்குச் செலவாகுமே என்று பேரம் பேசி 5 பவுண்டு குறைத்திருக்கிறாள். பிறகு தன் சின்னத்தை அதன் மேல் ஒட்டிவிட்டாள், அவ்வளவுதான். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மாவுக்குப் பெஸ்ஸை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தத் தொகுப்பைச் சுத்தம் செய்து கிழிசல் தைத்து முடிக்க 24 வருடம் ஆகியிருக்கிறது, 2023இல்தான் வேலை முடிந்தது. ஒரு ஓரத்தில் நின்று உற்றுப் பார்த்தால் புதுத் தையல் எது, பழைய இழை எது என்று பிரிக்கலாம் என்றாள் அம்மா. எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை: துணி மங்காமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். வெளியே வெயிலில் இருந்துவிட்டு உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள், ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும்.

சாட்ஸ்வர்த்தின் கதையும் இதே பெஸ்ஸிடம்தான் தொடங்குகிறது, இரண்டாவது கணவர் கேவண்டிஷோடு 1549இல் வாங்கிய நிலம். இப்போது நிற்கிற மாளிகை பிற்காலத்தது, டெவன்ஷயர் பிரபுக்கள் வழிவழியாகச் சேர்த்தது. உள்ளே தங்கம், கூரை ஓவியம், பளிங்குச் சிலை என்று எல்லாம் இருக்கிறது, ஏழாவது அறைக்கு மேல் எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. தோட்டம் வேறு விஷயம். ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கோலஸ் வருவார் என்று 1844இல் தோட்டக்காரர் பாக்ஸ்டன் மலை மேல் ஓர் ஏரி வெட்டி, அங்கிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தத்திலேயே கிட்டத்தட்ட 90 மீட்டர் பீச்சியடிக்கிற ஒரு நீரூற்றைக் கட்டினார். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. சக்கரவர்த்தி வரவே இல்லை. அவர் பெயரைச் சொல்லி இன்று வரை நாம் நனைகிறோம். இதே பாக்ஸ்டன் இங்கே கண்ணாடிக் கூடத்தில் வளர்த்துக் காய்க்க வைத்த வாழைக்குத்தான் எஜமானரின் குடும்பப் பெயரை வைத்தார்கள். பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் நாம் வாங்குகிற வாழைப்பழம் அனேகமாக எல்லாமே அந்தக் கேவண்டிஷ் ரகம்தான். இதைக் கேட்டு மகளுக்கு அவ்வளவு சிரிப்பு, வாழைப்பழத்துக்கு ஒரு பிரபுவா என்று. சாட்ஸ்வர்த்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், வேறு எதையும் அதோடு சேர்க்காதீர்கள்.

கெடில்ஸ்டன் ஹாலைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். டெர்பி நகரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். 1759இல் தொடங்கிய கட்டுமானம், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம், உள்ளே நுழைந்தால் 20 தூண்கள் தாங்குகிற ஒரு மண்டபம். கட்டுவதற்கு முன்னால் அங்கே இருந்த கிராமத்தையே பெயர்த்து வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள், பார்வைக்கு மறைக்கிறதாம். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கட்டிய கவர்னர் மாளிகைக்கு இந்த வீட்டின் அமைப்புதான் மாதிரி. வேடிக்கை என்னவென்றால் இங்கே நான்கு பக்கக் கட்டடங்கள் போட்ட திட்டம் இரண்டோடு நின்றுவிட்டது, கல்கத்தாவில்தான் நான்கும் எழுந்தன. அப்புறம் 1899இல் இந்த வீட்டுப் பிள்ளை கர்சன் வைஸ்ராயாக அங்கே போய் இறங்குகிறார். வங்கத்தை 1905இல் இரண்டாக வெட்டிய அதே கர்சன்.

அவர் கீழ்த்திசையில் சேர்த்ததெல்லாம் கீழ்த்தளத்தில் ஓர் அருங்காட்சியகமாக இருக்கிறது. தந்தம், வெள்ளி, ஆயுதம், பரிசாக வந்தது, வாங்கியது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் நின்றது கர்சனின் மனைவி மேரி 1903இல் டெல்லி தர்பாரின்போது நடந்த விருந்துக்கு உடுத்திய மயில் கவுன் முன்னால். முழுக்கத் தங்க வெள்ளி ஜரிகை, மயிலிறகு மேல் மயிலிறகாக அடுக்கி, ஏறக்குறைய நாலரைக் கிலோ எடை. பூவேலை முழுக்க இந்தியாவில், வெட்டித் தைத்தது மட்டும் பாரிஸில். மயிலிறகின் கண் ஒவ்வொன்றிலும் பச்சையாக ஏதோ மின்னியது. கல் என்று நினைத்தேன். அம்மா கண்ணாடிப் பெட்டியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள், ஒரு நிமிடம் கழித்து, "டேய், இது பொன்வண்டு றெக்கைடா," என்றாள். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார்: ஆமாம், வண்டின் சிறகு ஓடுதான், இவ்வளவு சீக்கிரம் யாரும் கண்டுபிடித்ததில்லை. சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவளுக்கு இது ஒரு பரீட்சையா?

பிறகு அவள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். நல்ல வேலையா இல்லையா என்பது துணியைத் திருப்பினால்தான் தெரியும் என்பது அவள் கட்சி. திருப்ப முடியாதே. "இவ்வளவு பொடிசா தைச்சவன் கண்ணு என்ன ஆச்சோ," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். இந்த உடைக்காகவே போவதாக இருந்தால் அன்றைக்குக் காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பழைய துணி என்பதால் ஓய்வு கொடுக்க எடுத்து வைப்பது எங்கேயும் நடக்கிற விஷயம்.

அதற்கடுத்த வாரம் குரோம்ஃபர்டு. அரண்மனை இல்லை, பஞ்சாலை. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் தண்ணீர் விசையில் ஓட்டிய நூற்பாலை, அந்த டெர்வென்ட் பள்ளத்தாக்கு முழுவதும் 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாசலில் நின்றால் கோட்டை மாதிரி இருக்கும், சாலைப் பக்கம் கீழே ஜன்னலே கிடையாது. அலங்காரம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், வெறும் கல், தண்ணீர் ஓடுகிற சத்தம், அங்கங்கே பழுது பார்க்கிற வேலை. ஆனால் கதை பெரிது. அதுவரை இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூலுக்குப் பாவாக, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூலாகப் போடுகிற உறுதி இல்லை, பாவுக்கு லினன் நூல், குறுக்கே ஓடுகிற ஊடைக்கு மட்டும் பருத்தி என்றுதான் நெய்தார்கள். ஆர்க்ரைட்டின் இயந்திரம் பாவுக்குத் தாங்குகிற பருத்தி நூலைக் கொடுத்தது. முழுப் பருத்தித் துணி இந்தியாவிலிருந்து வருவதுதான் என்ற நிலை அங்கேதான் மாறத் தொடங்கியது. இந்திய அச்சுத் துணியைத் தடுக்கப் போட்ட பழைய சட்டம் தன் துணிக்கும் குறுக்கே வந்ததும், 1774இல் அதைத் தனக்குச் சாதகமாகத் திருத்த வைத்தார் மனிதர். ஆலைக்குள் ஏழு வயதுப் பிள்ளைகளும் வேலை பார்த்தார்கள், இரவும் பகலும் இரண்டு ஷிப்டு, மணிக்கு வரவில்லையென்றால் வாசல் கதவு மூடிவிடும், அன்றைய கூலி போச்சு. என் மகள் எட்டு வயது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நார்த் ஸ்ட்ரீட் தொழிலாளர் வீடுகளையும் எட்டிப் பாருங்கள், 1776இல் கட்டியவை, உச்சி மாடி ஜன்னல்கள் மட்டும் அகலமாக இருக்கும், தறி போட வெளிச்சம் வேண்டுமே. டெர்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயில் குரோம்ஃபர்டில் நிற்கிறது என்பதால் கார் இல்லாதவர்களுக்கும் இது தோதான இடம்.

டெர்பி நகரத்துக்குள்ளேயே இருக்கும் மியூசியம் ஆஃப் மேக்கிங்குக்கு அனுமதி இலவசம். 1721ஆம் வருடத்துப் பட்டு ஆலை இருந்த இடத்தில் 2021இல் திறந்தார்கள். நுழைந்ததும் தலைக்கு மேல் ஒரு ரோல்ஸ்ராய்ஸ் விமான இயந்திரம் தொங்கும். பொருள்களைக் காலவரிசையில் வைக்காமல் மரம், உலோகம், துணி என்று எதனால் செய்ததோ அப்படிப் பிரித்து வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. குழந்தைகளுக்கு இந்தப் பட்டியலிலேயே இதுவும் கிரிச் டிராம் கிராமமும்தான் முதலிடம். கிரிச்சில் வாசலில் ஒரு பழைய பென்னி தருவார்கள், அதைக் கண்டக்டரிடம் கொடுத்து டிராமில் ஏற வேண்டும். காசைக் கொடுக்க மாட்டேன் என்று என் மகள் அடம்பிடித்து ஒரு டிராமையே தவறவிட்டோம்.

ஈயம் (Eyam) என்ற கிராமத்தின் அருங்காட்சியகம் சின்னது, ஒரு மணி நேரம் போதும், ஆனால் வெளியே வந்த பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. 1665இல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணிக்கட்டு வருகிறது. ஈரமாக இருக்கிறதென்று உதவியாள் அதை அடுப்புப் பக்கம் விரித்துக் காயப்போடுகிறான், உள்ளே இருந்த தெள்ளுப்பூச்சிகளோடு பிளேக் இறங்குகிறது, சில நாளில் முதல் சாவு அவனுடையது. அடுத்த வருடம் ஊரார் கூடி, நோய் வெளியே பரவ விடக் கூடாதென்று தங்களையே ஊருக்குள் பூட்டிக்கொண்டார்கள். செத்தவர்கள் 260 பேர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள், அந்தக் கல்லறைகள் ஊருக்கு வெளியே வயலில் இருக்கின்றன. எல்லைக் கல்லில் குழி வெட்டி வினிகர் ஊற்றி அதில் காசு போட்டுச் சாமான் வாங்கியிருக்கிறார்கள். மகள் அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். அம்மா துணிக்கட்டுக் கதையையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மீதி இரண்டையும் ஒரே நாளில் அடக்கினோம், அது தப்பு. ஹேடன் ஹால் இருநூறு வருடம் யாரும் குடியில்லாமல் கிடந்ததால் நவீனம் பண்ணிக் கெடுக்காமல் தப்பிய வீடு, அங்கே அடுப்படியை விட்டுவிடாதீர்கள். கால்க் ஆபி அதற்கு நேர் எதிர், பாடம் செய்த பறவைகளும் உரிந்த சுவர்க் காகிதமும் குவிந்த சாமானுமாக, ஒரு குடும்பம் எதையுமே தூக்கிப் போடாவிட்டால் வீடு என்ன ஆகும் என்று காட்ட அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெட்டியிலேயே கிடந்த ஒரு கட்டிலின் சீனப் பட்டுத் திரைச்சீலைகள் அங்கே உண்டு, வெயிலே படாததால் நேற்று நெய்ததைப் போல நிறம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், மூன்று மணிக்கே தேநீர்க் கடையில் சைவமாக எதுவும் மீதமில்லை, அன்றிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டுதான் போனோம். கிராமப்புறப் பேருந்தை ஞாயிற்றுக்கிழமையில் நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் பல வீடுகளின் உள்பகுதியை மூடிவிடுவார்கள், பூங்கா மட்டும் திறந்திருக்கும்.

அம்மா ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் போனில், அந்த மயில் கவுனோட உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்கிறாள். அது கண்ணாடிக்குள்ளே இருக்கும்மா என்றேன். "கேட்டுப் பாரு, தையல்காரி கேக்குறான்னு சொல்லு."