நெல்லை ரத வீதியில் ஒரு சித்தாந்த வகுப்பு

நெல்லையப்பர் கோயிலை ஒட்டிய ரத வீதியொன்றில் ஞாயிறு மாலைதோறும் நடைபெறும் சைவ சித்தாந்த வகுப்பில் நான்கு மாதம் பயின்றேன். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் முதலாவதற்கே ஆசிரியர் ஆறு வாரம் ஒதுக்கியது மிகச் சரியானது. கடவுள் உண்டு என்பதற்கான வாதம் அதில்தான் அமைந்துள்ளது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கொரு கருத்தா வேண்டும் என்பதை, காருகுறிச்சிப் பானை ஒன்றைக் கையில் ஏந்தி, மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்று அவர் விளக்கியபோது, இறைவன் சூனியத்திலிருந்து அன்றி, உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்தே உலகைத் தோற்றுவிக்கிறான் என்பது எனக்கு முதன்முறையாகத் தெளிவாயிற்று. இறைவனின் எட்டுக் குணங்களான எண்குணங்களை ஒரே அமர்வில் முடித்தது குறையே. உலகில் துன்பம் ஏன் என்று ஓர் ஆச்சி கேட்டதற்கு (நான் கேட்கத் தயங்கிய கேள்வி அது) உயிரின் அறிவை மறைக்கும் ஆணவமும் அதன் வினைகளாகிய கன்மமும் பற்றி அவர் பொறுமையாக விடையளித்தார். கட்டணம் கிடையாது.