கம்ப்ரசர் ட்ரிப் ஆகிறது: எம்சிபியை மாற்றலாமா, என்ஆர்வியைப் பார்க்கலாமா?

பஞ்சர் கடை, மரப்பட்டறைகளில் ஓடும் 2 எச்பி சிங்கிள் ஃபேஸ் பெல்ட் கம்ப்ரசர் அடிக்கடி எம்சிபியை (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்) விழவைத்தால், உடனே கிடைக்கும் யோசனை "16 ஆம்பியரை எடுத்துட்டு 32 போடுங்க" என்பதுதான். இன்னொரு வழி, டேங்க் வாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வையும் (என்ஆர்வி, காற்றை டேங்குக்குள் மட்டும் விடும் ஒருவழி வால்வு) பிரஷர் சுவிட்சின் அடியில் இருக்கும் அன்லோடரையும் (கம்ப்ரசர் நின்றதும் பிஸ்டன் தலையில் அடைபட்ட காற்றை வெளியேற்றும் சிறு வால்வு) சரிசெய்வது. இரண்டுக்கும் பொருள் செலவு சில நூறு ரூபாய்தான். நான் இரண்டாவது பக்கம்.

எதையும் வாங்குவதற்கு முன் டேங்க் காற்று முழுவதையும் திறந்துவிட்டு, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததும் ஸ்டார்ட் செய்யுங்கள். சிக்கலில்லாமல் ஓடி 8 கிலோ அழுத்தத்தில் நின்று, 6 கிலோவுக்கு இறங்கி மறுபடி எடுக்கும்போது மட்டும் விழுந்தால், எம்சிபியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பிஸ்டன் தலையில் காற்று அடைபட்டிருக்கிறது, அதை எதிர்த்து மோட்டாரால் கிளம்ப முடியவில்லை.

கட்-ஆஃப் ஆகும் நொடியில் காதைக் கொடுங்கள். 'புஸ்' என்று இரண்டு மூன்று நொடி சத்தம் வந்து அடங்கினால் எல்லாம் சரி. சத்தமே வரவில்லை என்றால் அன்லோடர் ஊசியோ அதற்கு வரும் மெல்லிய குழாயோ அடைத்திருக்கிறது. சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் என்ஆர்வி பிடிக்கவில்லை. டேங்க் காற்று திரும்பி வருகிறது.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் விழுகிறதா? அப்போது வால்வில் குறை இருக்காது. ஓடும்போது கரண்ட் போனால் பிரஷர் சுவிட்ச் ஆன் நிலையிலேயே நிற்கும், அன்லோடர் திறக்காது. சுவர் சுவிட்சில் அணைத்தாலும் இதேதான். பிரஷர் சுவிட்சின் குமிழை ஆஃப் செய்து, காற்று வெளியேறிய பிறகு ஆன் செய்தால் போதும்.

என்ஆர்வியைக் கழற்றும் முன் மெயினை அணைத்து, டேங்கைக் காலி செய்து, டெலிவரி குழாய் ஆறும்வரை காத்திருங்கள். மேல் மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கும் வட்டத் தட்டும் வரும். ஆயில் ஏறும் கம்ப்ரசரில் தட்டின் மேல் கரி படிந்திருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம், சூடான அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் ஆபத்து. தட்டில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். முழு வால்வையே மாற்றுவதென்றால் பழையதைக் கடைக்கு எடுத்துப் போங்கள், மரை அளவு கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும். பூட்டும்போது டேங்க் பக்க மரைக்கு டெஃப்லான் டேப், பிறகு சோப்புத் தண்ணீர் சோதனை.

இனி பெரிய எம்சிபி. 2 எச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது 50, 60 வரை போகும். சி கர்வ் (எத்தனை மடங்கு கரண்டில் நொடியில் விழும் என்பதைச் சொல்லும் பி, சி, டி வகைகளில் ஒன்று) 16 ஆம்பியர் எம்சிபி நொடியில் விழ 80 ஆம்பியராவது வேண்டும். ஆகவே சில நொடி முனகிவிட்டு விழுகிறது என்றால், சுற்றாமல் நிற்கும் மோட்டாரைத்தான் அது காப்பாற்றுகிறது. தன் அளவைப்போல் 2.55 மடங்கு, அதாவது 41 ஆம்பியர் போனாலே அது ஒரு நிமிடத்துக்குள் விழுந்தாக வேண்டும். 32 போட்டால் 60 ஆம்பியர் என்பது இரண்டு மடங்குகூட இல்லை. நிமிடக்கணக்கில் விட்டுவைக்கும், அதற்குள் வைண்டிங் கருகிவிடும். பல சின்னக் கடைகளில் தனி ஓவர்லோடு ரிலே கிடையாது, எம்சிபி ஒன்றுதான் காவல். 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்ட இடத்தில் சுவருக்குள் இருக்கும் வயரும் சேர்ந்து வேகும். ரீவைண்டிங் செலவு சில நூறில் முடியாது.

எம்சிபியை மாற்றுவது சரியாக இருக்கும் இடமும் உண்டு. காலி டேங்கிலும் சுவிட்ச் போட்ட அதே நொடியில் விழுந்து, மோட்டாரிலும் வயரிலும் ஷார்ட் இல்லை என்று உறுதியானால், போட்டிருப்பது பி கர்வா என்று பாருங்கள். 16 ஆம்பியர் பி கர்வ் 48 ஆம்பியரிலேயே விழலாம். அதே 16-இல் சி போடுங்கள். டி கர்வ் போடும் முன் எர்த்தைச் சோதிக்க வேண்டும்: பாடியில் கரண்ட் இறங்கினால் டி நொடியில் விழ 320 ஆம்பியர்வரை தேவைப்படலாம், நீளமான கிராமத்து லைனில் அவ்வளவு கிடைப்பது கஷ்டம். ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் டி வேண்டாம். டெர்மினல் ஸ்க்ரூ லூசாகிச் சூடானாலும் எம்சிபி விழும், அதையும் இறுக்கிப் பாருங்கள்.

காலி டேங்கிலும் முனகி நின்றால் ஸ்டார்ட் கெபாசிட்டரையும் எக்ஸ்டென்ஷன் வயரையும் பாருங்கள். 30 மீட்டர் 1.5 எம்எம் வயரில் 50 ஆம்பியர் போனால் 36 வோல்ட் வயரிலேயே போய்விடும், மோட்டாரின் கிளப்பு விசை முப்பது சதவீதம்போலக் குறையும். வயரை நீட்டுவதைவிடக் காற்றுக் குழாயை நீட்டுங்கள்.