சம்பளத்தோடு நர்சிங் டிகிரி: கொழிஞ்சாம்பாறைக் கணக்கும் இங்கிலாந்துக் கணக்கும்

பிளஸ் டூ முடித்த பெண் இருக்கிற வீட்டில் மே மாதம் பிறந்தால், கேரளத்துப் பாலக்காட்டில் தமிழ் பேசும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரே பேச்சுத்தான். பி.எஸ்ஸி நர்சிங்கா, ஜி.என்.எம் என்கிற நர்சிங் டிப்ளமாவா? பாலக்காடா, கோயம்புத்தூரா? இந்த வருடம் எதிர்வீட்டு அக்கா மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். "ஏங் கண்ணு, இங்கிலாந்துல வேலை பார்த்துக்கிட்டே டிகிரி தர்றாங்களாமா? சம்பளமும் உண்டாமா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் ஜி.என்.எம் முடித்து, வார்டில் நாலு வருடம் நின்று, அப்புறம் ஜி.என்.எம் முடித்தவர்கள் டிகிரி வாங்கப் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி படித்தவள். என் சித்தி மகள் இங்கிலாந்தில் அந்த 'சம்பள டிகிரி'யில் மூன்றாம் வருடம் படிக்கிறாள்.

நேரடி பி.எஸ்ஸியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாலு வருடப் படிப்பு, கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப், இருபத்திரண்டு வயதில் கையில் டிகிரி. மெரிட்டில் அரசு சீட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைக்காவிட்டால் ஃபீஸுக்கு நிலப் பத்திரம் பேங்குக்குப் போகும். வாளையார் தாண்டி கோவையில் சேரலாம். ஆனால் அங்கே அரசு ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்று கேட்பார்கள், நம் வீட்டில் தமிழ் பேசுவது அதற்குச் செல்லாது.

என் வழி வேறு. ஜி.என்.எம் மூன்று வருடம், செலவும் குறைவு, சீக்கிரம் சம்பளம் பார்க்கலாம் என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். தப்பில்லை. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட பாண்ட் (அதுவரை வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) போட்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். நாலாம் வருடம் நர்சிங் சூப்ரண்ட் அறைக்குப் போய், போஸ்ட் பேசிக் படிக்க வேண்டும், டியூட்டியை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ரோஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் வந்தது: "படிக்கணும்னா ரிசைன் பண்ணிட்டுப் போம்மா."

போஸ்ட் பேசிக் இரண்டு வருட ரெகுலர் படிப்பு, பகலில் வகுப்பு, வார்டு போஸ்டிங். எனக்கு மூத்த தலைமுறை அக்காமார் சிலர் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலையை விடாமலே முடித்தார்கள். எனக்கு அது அமையவில்லை. ரிசைன் செய்தேன். சனி, ஞாயிறு இரவுகளில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எட்டிலிருந்து எட்டு வரை நைட் பார்த்தேன். விடிகாலை மூன்று மணிக்கு ஒரு கண் டிரிப்பில், ஒரு கண் ரிசர்ச் புராஜெக்டில். புத்தகம் இங்கிலீஷ், டியூட்டி மாறும்போது ஹேண்டோவர் மலையாளம், நடுவில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பாட்டியோடு தமிழ்.

டிகிரி வந்தது. திரும்ப வேலைக்குச் சேர்ந்தபோது புதுசாக வந்த பிள்ளைகளோடு அதே சம்பளத்தில் உட்கார வைத்தார்கள். பழைய நாலு வருடம் கணக்கிலேயே வரவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது இதுதான், ஃபீஸ் கூட இல்லை.

இப்போது சித்தி மகள். கணவர் விசாவில் போனவள், அங்கே ஹெல்த்கேர் அசிஸ்டென்டாகச் சேர்ந்தாள். இங்கிலாந்தில் நர்ஸ் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப், அதாவது ஆஸ்பத்திரி வேலையில் இருந்தபடியே சம்பளத்தோடு டிகிரி படிப்பது, 2017இல் வந்தது. வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் நிறுவனங்களிடம் 0.5 சதவீதம் லெவி என்று பயிற்சிக்கான வரி பிடிக்கிறார்கள், அந்தப் பணத்தில் இவள் ஃபீஸ் போகிறது. அவள் கையிலிருந்து ஒரு பைசா இல்லை. அங்கே முழுநேரம் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு பர்சரி என்ற அரசு உதவி அதே 2017இல் நின்றுபோய், ஃபீஸுக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. 2020 முதல், வருடத்துக்கு 5,000 பவுண்டு உதவித்தொகை உண்டு, ஆனால் கடன் கடன்தான். அவர்களுக்கு மூன்று வருடம் என்றால் இவளுக்குப் பெரும்பாலும் நாலு. படிப்பில் சலுகை எதுவும் கிடையாது: இருவருக்கும் 4,600 மணி நேரம், பாதி பாடம், பாதி வார்டு.

பெரிய வித்தியாசம், வகுப்புக்குப் போகும் நாளும் அவளுக்குச் சம்பள நாள். பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறையாவது அவளும் ஆஸ்பத்திரியும் யூனிவர்சிட்டியும் உட்கார்ந்து எவ்வளவு முடிந்தது என்று பார்க்க வேண்டும். நான் சூப்ரண்ட் அறை வாசலில் நின்று கேட்டதை அவளுக்குக் காகிதத்தில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம் போனில் சொன்னாள்: "அக்கா, திங்கக்கிழமை அசிஸ்டென்டா ஒரு கலர் யூனிஃபார்ம், புதன்கிழமை மாணவியா இன்னொரு கலர். திங்கக்கிழமை மருந்து டிராலி பக்கமே போகக்கூடாது. புதன்கிழமை அதே டிராலி முன்னாடி நின்னு டோஸ் கணக்குப் போடணும்." மாணவியாக நிற்கும் நாளில் அவளை ஆள் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது விதி. ஆனால் வார்டில் ஆள் குறைந்து, பெல் அடித்தால், பழகின முகத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து போய் பெட்பேன் வைத்துவிட்டு வருவாள், அதற்குள் கற்றுக்கொள்ள வந்த டிரெஸ்ஸிங் முடிந்திருக்கும். மற்ற மாணவர்களுக்குக் கோடை விடுமுறை, இவளுக்கு வேலைக்காரர்களின் வருட லீவு மட்டும். குழந்தை தூங்கின பிறகுதான் கட்டுரை எழுத உட்காருகிறாள்.

ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவள் வழியே மேல் என்பேன். களைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவளுக்குச் சர்வீஸ் அறுபடவில்லை, எனக்கு அறுபட்டது.

சரி, எதிர்வீட்டுப் பெண் நேராக அதில் சேரலாமா என்றால், முடியாது. படிப்புக்காக இல்லாத விசாவில், பொதுவாக மூன்று வருடமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். 'சம்பளத்தோடு யுகே டிகிரி' என்று நோட்டீஸ் கொடுத்த ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள் என்றேன். அக்கா கேட்டார், அவர் பேச்சை ஜெர்மனிக்குத் திருப்பிவிட்டாராம். இங்கே நர்ஸாகப் பதிவு செய்துவிட்டு இங்கிலாந்து போக நினைப்பவர்களுக்கு அந்த டிகிரியே தேவையில்லை, இங்கிலீஷ் தேர்வும் அவர்களுடைய நர்சிங் கவுன்சில் தேர்வுகளும்தான்.

அதனால் எதிர்வீட்டுப் பெண் முன்னால் இருப்பது பழைய இரண்டு வழிதான். அரசு சீட் என்றால் பி.எஸ்ஸி. இல்லையென்றால், நிலத்தை அடகு வைப்பதைவிட ஜி.என்.எம்மே தேவலை, முதல் வேலையைக் கேரளப் பக்கம் தேடட்டும். நர்ஸுகளின் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று கேரள அரசு உத்தரவு போட்டது. குறைத்துக் கொடுத்தால் காட்டிக் கேட்க ஒரு காகிதமாவது இருக்கும்.

நேற்று இரண்டு ஃபாரமும் வாங்கி வந்திருக்கிறார்கள். எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் பாண்டில் கையெழுத்துப் போடும் முன் அதைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.